ஆவாரம்பட்டையிலிருந்து குரோம்பேட்டைக்கு

கிணற்றில் நீர் இறைக்கும் சாலுக்காகத்தான் குரோம் தோல் சென்னை மாகாணத்தில் முதலில் கவனம் பெற்றது. மோட்டார் பம்பு வராத காலம். கவலை ஏற்றத்தில் இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது சாலும் அதன் அடியில் கட்டிய தோல் வாலும் மேலே ஏறி வரும். அந்தத் தோல் பகலெல்லாம் நீரில் ஊறும், வெயிலில் காயும், மறுபடி ஊறும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு இந்தப் பாடு தாங்காது. பட்டையின் சாறு கொஞ்சங்கொஞ்சமாக நீரில் இறங்கிப் போகும். சாறு போன தோல் அழுகத் தொடங்கும். தோலை மாற்றிக்கொண்டே இருப்பது உழவருக்கு ஓயாத செலவு. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர், தண்ணீரில் கெடாத தோல் வேண்டும் என்று 1903 வாக்கில் குரோம் பதனிடலைக் கையில் எடுத்தார். அலுமினியப் பாத்திரத் தொழிலை அதே பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

சென்னைக்கு வரும்போது குரோம் தோலுக்கு வயது இருபதுதான். அது பிறந்தது நியூயார்க்கில். அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் சாயத் தொழிலில் இருந்த வேதியியலாளர். பெண்களின் இடுப்புக் கச்சைக்குள் வைக்கும் எஃகுப் பட்டைகளுக்குத் தோலில் உறை போடுவது அன்றைய வழக்கம். படிகாரத்தில் பதனிட்ட அந்தத் தோலில் வேர்வை பட்டால் எஃகு துருப்பிடித்தது. துருவேற்றாத தோல் கிடைக்குமா என்று கேட்ட நண்பருக்காக அவர் செய்து பார்த்த சோதனைகளிலிருந்து 1884இல் ஒரு காப்புரிமை பிறந்தது. முதலில் டைகுரோமேட் கரைசல், பிறகு அதைக் குரோமிய உப்பாக மாற்றும் இன்னொரு கரைசல் என்று இரண்டு தொட்டிகள் வேண்டியிருந்த முறை அது. 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டிக்குள் கொண்டுவந்தார். ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் ஃபோர்டரர் ஆட்டுத்தோலைக் குரோமில் பதனிட்டு, கண்ணாடி போல் பளபளக்கும் செருப்புத் தோலாக்கி உலகமெங்கும் விற்றார். அந்த ஆலைகளுக்கு வேண்டிய பச்சை ஆட்டுத்தோலில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து கப்பலேறியது. அமெரிக்கர்கள் கொடுத்த விலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் சென்னை மாகாணத்துத் தோல் ஷாப்கள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், திணறின. சாட்டர்டனுக்கு இந்தக் கவலையும் இருந்தது.

பட்டைத் தோலைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. செங்கல்பட்டு முதல் திருச்சி வரை வறண்ட மேட்டு நிலமெங்கும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரைச் செடியின் பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் செறிந்திருக்கிறது. பட்டையை உரித்து, உலர்த்தி, இடித்து, குழியில் ஊறவைத்து, சுண்ணாம்பு நீக்கிய தோலை அதில் வாரக்கணக்கில் போட்டு மிதித்தும் புரட்டியும் எடுத்தார்கள். ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முக்கு. இப்படி அரைப்பதமாக்கிய தோல் ‘ஈ.ஐ. கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போனது. முதல் உலகப் போரில், 1916இல், சென்னையில் பதனிட்ட மாட்டுத்தோல் மொத்தத்தையும் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்காக அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டது. சென்னைப் பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளின் செல்வம் இந்தத் தோலால் வந்தது. அந்தச் செல்வத்தின் அடியில், தோலைத் தொட்டதாலேயே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் கைகளும் கால்களும் சுண்ணாம்பில் வெந்துகொண்டிருந்தன. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளர்களைப் பற்றியது. 2012இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதற்கு முன்னால் இந்தத் தொழிலின் வேதியியலை எழுதியவர்கள் உண்டு, வியாபாரத்தை எழுதியவர்கள் உண்டு. குழிக்குள் நின்றவர்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

சாட்டர்டனின் சோதனை வெற்றி பெற்றது. குரோம் தோல் தண்ணீருக்கு அசையவில்லை. சால், செருப்பு, பூட்ஸ் எல்லாம் செய்து விற்றது அரசுத் தொழிற்சாலை. சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது: அரசாங்கமே தொழில் நடத்தினால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது என்று தனியார் வணிகர்கள், குறிப்பாக ஐரோப்பிய வணிகர்கள், எதிர்த்தார்கள். இந்தியாவுக்கான அமைச்சராக லண்டனில் இருந்த மோர்லி பிரபு 1910இல் ஓர் ஆணை அனுப்பினார். தொழில் கல்வி கொடுக்கலாம், தொழிற்சாலை நடத்தக் கூடாது. சென்னைக் குரோம் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பொதுத்துறை முயற்சியை நூறாண்டுக்கு முன்பே ஒரு கடிதத்தில் முடித்துவிட்டார்கள் என்பது இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

ஆனாலும் கற்ற வித்தை ஊரில் தங்கிவிட்டது. 1912ஐ ஒட்டி, ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்துக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய வெற்று நிலத்தில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனியைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு வந்தது, கடைகள் வந்தன, ரயில் நின்றது. அதுதான் குரோம்பேட்டை. அதன் மேற்கே நாகல்கேணி, வடக்கே பல்லாவரம் என்று தோல் ஷாப்கள் பெருகின. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது குரோம்பேட்டையும் பல்லாவரமும் அதற்குள் சேர்ந்துவிட்டன. கம்பெனி மறைந்து வெகுகாலம் ஆகிறது. ஜி.எஸ்.டி. சாலையில் நின்று துணிக்கடை விளம்பரங்களைப் பார்க்கும் இளைஞருக்குத் தன் ஊருக்கும் ஒரு உலோகத்துக்கும் உள்ள உறவை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அந்த உலோகம் தோலுக்குள் என்ன செய்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். மயிர் கழன்றுவிடும், நார்கள் உப்பித் திறக்கும். உட்பக்கச் சவ்வையும் கொழுப்பையும் சீவி எடுத்து, சுண்ணாம்பை நீக்கி, நொதி போட்டு மென்மையாக்குவார்கள். நொதி தூளாகக் கிடைக்காத காலத்தில் நாயின் மலமும் புறாவின் எச்சமும்தான் அந்த வேலையைச் செய்தன. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது ஏறக்குறையக் கொலாஜன் என்னும் புரதம் மட்டுமே. அதற்கு அடுத்து வருவது பிக்கிள்: உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீர். அதில் pH மதிப்பு மூன்றை ஒட்டி இறங்கும்.

இந்த அமிலம் எதற்கு? கொலாஜன் சங்கிலியில் ஆங்காங்கே அஸ்பார்டிக் அமிலம், குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் உள்ள கார்பாக்ஸில் தொகுதிதான் குரோமியத்தைப் பற்றும் இடம். அந்தத் தொகுதி மின்னேற்றம் பெற்றிருந்தால் டிரம்மில் கொட்டிய குரோமியத்தை மேல்தோலிலேயே பிடித்துக்கொள்ளும்; நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். அமிலம் அதன் கையை அடக்கி வைக்கிறது. குரோமிய சல்ஃபேட் தடையின்றித் தோலின் நடுவரை போய்ச் சேருகிறது. டிரம் சில மணி நேரம் சுழன்ற பிறகு தொழிலாளி தடித்த பகுதியில் ஒரு வெட்டு வெட்டி, குறுக்கே நீலம் முழுதும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஏறியிருந்தால் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். pH மதிப்பு நாலை நோக்கி ஏறும். கார்பாக்ஸில் தொகுதிகள் விழித்துக்கொள்ளும். குரோமிய அணுக்கூட்டங்கள் அடுத்தடுத்த சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். ஆவாரம்பட்டையின் டானின் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பால். அவை எண்ணிக்கையில் அதிகம், ஒவ்வொன்றும் பலவீனம். குரோமியத்தின் ஈதல் பிணைப்பு அதைவிட மிக உறுதி. பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சுருங்கும். பட்டைத் தோல் 80ஐ ஒட்டித் தாக்குப்பிடிக்கும். குரோம் தோலின் துண்டைக் கொதிநீரில் போட்டு எடுத்தாலும் அளவு மாறாது. தோல் ஷாப்பில் இன்றும் அதுதான் கடைசிப் பரீட்சை. வெளியே வரும் ஈரத் தோலின் நிறம் வெளிர்நீலம். ‘வெட் ப்ளூ’ என்பார்கள். வாரங்கள் பிடித்த வேலை ஒரே நாளில் முடிகிறது.

கொலாஜன் சங்கிலிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது குரோம் லெதர் கம்பெனி தொடங்கி நாற்பது ஆண்டுகள் வரை உலகில் யாருக்கும் தெரியாது. அந்த விடை கிடைத்தது கிண்டியில், குரோம்பேட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது ஏறக்குறைய முப்பதுதான். அங்கே வருகை தந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். முதலில் சுறாத் துடுப்பிலிருந்து எடுத்த கொலாஜன். அதன் எக்ஸ்-கதிர்ப் படம் தெளிவாக இல்லை. பக்கத்திலேயே, அடையாறில், 1948இல் அடிக்கல் நாட்டிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் (சி.எல்.ஆர்.ஐ.) இருந்தது. அதன் வழியாக ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள்: மூன்று சுருள் சங்கிலிகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் அமைப்பு. கொலாஜனில் ஏன் மூன்றில் ஓர் அமினோ அமிலம் கிளைசீனாகவே இருக்கிறது என்ற பழைய புதிரும் அதோடு அவிழ்ந்தது. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடு அச்சில் இடம் கிடையாது. மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசீன் ஒன்றுதான் அங்கே பொருந்தும்.

அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் இந்த மாதிரியின் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். அந்தக் குறையை ராமச்சந்திரன் ஒதுக்கித் தள்ளவில்லை. புரதங்களில் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் முறையாகக் கணக்கிட்டார். 1963இல் வந்த அந்தக் கணக்குதான் இன்று உலகின் எல்லா உயிர்வேதியியல் பாடநூலிலும் உள்ள ராமச்சந்திரன் வரைபடம். ஒரு தோலின் கட்டமைப்பைத் தேடிப் போய் எல்லாப் புரதங்களுக்குமான வரைபடத்தோடு திரும்பியிருக்கிறார்கள். சி.எல்.ஆர்.ஐ.யின் அரங்குக்கு ‘டிரிப்பிள் ஹெலிக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான நன்றி.

அந்த நிலையத்தை ஆய்வகச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தவர் யெலவர்த்தி நாயுடம்மா. 1958 முதல் 1971 வரை இயக்குநர். விஞ்ஞானியைத் தோல் ஷாப்புக்கும் தோல் ஷாப்காரரை ஆய்வகத்துக்கும் வரவழைத்தார். அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்துவிட்டு அதே தோலில் செய்த செருப்பை வெளிநாட்டுக்காரர் விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை மாற வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது இந்தக் காலத்தில்தான். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுப்பதத் தோலும் செருப்பும் இங்கேயே செய்யும் ஆலைகள் பெருகின. நாயுடம்மா 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானக் குண்டுவெடிப்பில் இறந்தார்.

ஆலைகள் பெருகியதில் இன்னொன்றும் பெருகியது. டிரம்மில் போடும் குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறும். மிச்சம் நீலப்பச்சைக் கழிவுநீராக வெளியேறும்; ஒரு லிட்டரில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் இருக்கும். சட்டம் அனுமதிப்பது லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம். குரோமியத்தைவிடவும் அளவில் பெரிய தொல்லை உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் உப்புப் போடுவார்கள். அத்தனையும் முதல் கழுவலில் நீரோடு போய்விடும். எந்தச் சுத்திகரிப்புத் தொட்டியிலும் உப்பு படியாது. பல்லாவரம், நாகல்கேணிக் கிணறுகள் இந்த நீரைக் குடித்தன. அண்ணா பல்கலைக்கழக நிலத்தடிநீர் ஆய்வாளர்கள் குரோம்பேட்டைப் பகுதியை ஆய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலான மாதிரிகளில் குரோமியம் குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்ததைக் காட்டியது.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. வேலூரின் பெயரில் நினைவுகூரப்பட்டாலும், அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத் தோல் ஷாப்களும், அதாவது பல்லாவரம் வட்டாரமும், அதற்குள் அடங்கும். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு உறுதி செய்தது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றுக்கு மூடுவிழா. இந்தியாவின் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் மேற்கோளாக வரும் தீர்ப்பு நம் தோல் கழிவிலிருந்து பிறந்தது. பல்லாவரத்தில் தோல் பதனிடுவோர் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

வேதியியல் கெடுத்ததை வேதியியலால் எவ்வளவு தூரம் சரிசெய்ய முடியும் என்பதே அதற்குப் பிறகான கதை. சி.எல்.ஆர்.ஐ. பரப்பிய ஒரு வழி மிக எளிமையானது. டிரம்மிலிருந்து வடியும் குரோம் நீரைத் தனியே பிடித்து மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகக் கீழே படியும். மேல்நீரை வடித்துவிட்டு வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பதனிடும் உப்பு. இன்னொரு வழி, குரோமியம் அதிகமாகத் தோலிலேயே ஏறும்படி செய்வது. 2010களில் வந்த நீரில்லாக் குரோம் பதனிடல் முறையில் பிக்கிளும் இல்லை, பின்னால் பைகார்பனேட்டும் இல்லை. அமிலத்தைக் கொண்டு நடத்தும் அந்த ஆட்டத்தையே ஒரு துணைப்பொருளால் தவிர்த்துவிட்டார்கள். உப்பும் தண்ணீரும் அந்த அளவுக்கு மிச்சம்.

வெளிநாட்டுச் சந்தையிலிருந்தும் ஒரு நெருக்கடி வந்தது. தோலில் இருப்பது மூன்று நிலைக் குரோமியம். அவ்வளவு கொடியது அல்ல. புற்றுநோய் தருவது ஆறு நிலைக் குரோமியம். தோலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு இருந்தால், வெப்பத்திலும் வெளிச்சத்திலும் மூன்று ஆறாக மாறக்கூடும். 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம், உடலில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு மூன்று மில்லிகிராம் ஆறு நிலைக் குரோமியம் இருந்தால்கூட விற்கக் கூடாது என்றது. இதற்குத் தோல் ஷாப்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று, குரோமில் பதனிட்ட தோலுக்கு மறுபதமாகத் தாவர டானினைச் சிறிது ஏற்றுவது. டானின்கள் பாலிஃபீனால்கள், ஆக்சிஜனேற்றத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டு குரோமியத்தைக் காக்கின்றன. ஆவாரையின் குடும்பத்தைச் சேர்ந்த சீகை மரத்தின் பட்டைச் சாறு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. முழுக்கப் பட்டையில் பதனிடும் பழைய ஈ.ஐ. தோலும் அழிந்துவிடவில்லை. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

நாகல்கேணியின் மண்ணில் இறங்கிய குரோமியத்துக்கு மட்டும் எந்த மறுசுழற்சியும் நடக்கவில்லை. அதில் பெரும்பகுதி மூன்று நிலை ஹைட்ராக்சைடாக மண் துகளோடு ஒட்டிக் கிடக்கும், எளிதில் கரையாது. ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அது மெல்ல ஆறு நிலைக்கு மாற வாய்ப்புண்டு. மாறினால் நீரில் கரைந்து நகரும். தோல் ஷாப்கள் இருந்த பல மனைகளில் இப்போது அடுக்ககங்கள். அவற்றுக்குக் கீழே ஆழ்துளைக் கிணறுகள். அந்தக் கிணறுகளில் மொத்தக் குரோமியம் எவ்வளவு, அதில் ஆறு நிலை எவ்வளவு, கரைந்த உப்பு எவ்வளவு என்று மூன்றையும் ஆண்டுதோறும் தனித்தனியே அளந்து, தெருப் பெயரோடு தாம்பரம் மாநகராட்சி வெளியிட வேண்டும். குடியிருப்பவர்களுக்கு அது தெரியும் உரிமை உண்டு. அளக்கத் தெரிந்தவர்களும் கருவிகளும் கிண்டியிலும் அடையாறிலும் இருக்கின்றன.